செங்கல் சுவரில் சிமெண்ட் கறை: தேங்காய் நாரா, ஆசிட்டா, பிரஷர் வாஷரா?

சாரத்தைப் பிரித்த அன்று சுவரைப் பார்த்ததும் பேசாமல் பூசியே இருக்கலாம் என்று தோன்றியது. பூச்சுச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் செங்கல் தெரியும்படி கட்டினோம். முன்பக்கம் வயர்கட் கல் (மெஷினில் பிழிந்து கம்பியால் அறுத்த செங்கல்), மற்ற மூன்று பக்கமும் காளவாயில் வெந்த நாட்டுக்கல். எங்கு பார்த்தாலும் கலவை வழிந்த தடம், கரண்டி இழுத்த சாம்பல் திட்டு, தரைக்கு மேலே வெள்ளைப் பொடி. "ஆசிட் அடிச்சா எல்லாம் போயிடும் சார்" என்றார் மேஸ்திரி. பெயிண்டர் தன் மச்சானிடம் பிரஷர் வாஷர் இருப்பதாகச் சொன்னார். சித்தாள் அக்கா ஒன்றும் சொல்லாமல் தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில், சுவரில் இருக்கும் வெள்ளை எல்லாம் ஒன்றல்ல. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சொரசொரவென்று கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சிமெண்ட். மாவு மாதிரி விரலில் வந்தால் உப்பு. செங்கல்லிலும் மணலிலும் தண்ணீரிலும் கரைந்திருக்கும் உப்பு, சுவர் காயும்போது ஈரத்தோடு வெளியே வந்து பூக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து போடுவதில்தான் பாதிச் சுவர்கள் கெடுகின்றன.

உப்புக்கு வேண்டியது காய்ந்த பிரஷ், அவ்வளவுதான். வெயில் நாளில் தேய்த்து, விழும் பொடியைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஹோஸ் பைப்பால் கழுவினால் உப்பு கரைந்து திரும்பக் கல்லுக்குள்ளேயே போகும், காய்ந்ததும் மறுபடி வரும். நான் இரண்டு தடவை கழுவினேன், இரண்டு தடவையும் வந்தது. பிரஷ் போட்டுப் போட்டு ஒரு கோடை தாண்டியதும் குறைந்துவிட்டது. குறையாவிட்டால் எங்கிருந்தோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அதைத் தேடாமல் சுவரைத் தேய்ப்பதில் பயனில்லை.

இனி சிமெண்ட். அக்காவின் வழி மெதுவானது. கட்டியைச் சின்ன மரத்துண்டால் தட்டி எடுத்து, உடைந்த செங்கல் துண்டால் தேய்த்து, கடைசியாக நார். செங்கல்லைச் செங்கல்லால் தேய்ப்பதால் அதே நிறப் பொடி கீறலில் அடைந்து, கீறலே தெரிவதில்லை. ஒரு நாளைக்கு ஓர் ஆள் ஒரு சின்னச் சுவரை முடித்தால் பெரிது. கூலிதான் கடிக்கும். ஆனாலும் நாட்டுக்கல் சுவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆசிட் வேலை செய்யாமல் இல்லை. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டதும் சிமெண்ட் படலம் சுர்ரென்று நுரைத்துக் கரைவதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், கறையும் கல் இடுக்கில் இருக்கும் கலவையும் ஒரே சரக்கு. ஆசிட்டுக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் மேஸ்திரியின் ஆள் காய்ந்த சுவரிலேயே கெட்டியாக ஊற்றினார். கல் அப்படியே குடித்துவிட்டது. அந்த இடத்தில் இடுக்குகள் மணல் தெரிய அரித்துப்போயின, கல்லில் தேநீர் சிந்தியது போல் பழுப்புக் கறை. கல்லிலுள்ள இரும்பு கரைந்து வெளியே வந்த நிறம் அது. பக்கத்து ஜன்னல் கிரில் ஒரே வாரத்தில் துருவேறியது.

செய்தே ஆகவேண்டும் என்றால் முறை இருக்கிறது. சுவர் கட்டி இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். சுவரைக் கீழிருந்து மேலாக நன்றாக நனைத்து, கல்லின் தாகத்தைத் தண்ணீராலேயே தீர்த்துவிட வேண்டும். ஒரு பங்கு ஆசிட்டுக்கு 15 முதல் 20 பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஒரு சதுர மீட்டர் அளவு, சில நிமிடம், நைலான் பிரஷ், அப்புறம் தாராளமாகத் தண்ணீர். கடைசிக் கழுவலில் கொஞ்சம் ஆப்பசோடா கலந்தால் மிச்ச ஆசிட் அடங்கும். கெட்டியான வயர்கட் சுவரில் இப்படிச் செய்தபோது நன்றாகவே வந்தது. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர் என்றால் ஆசிட் பக்கமே போகாதீர்கள், இடுக்கே கரைந்துவிடும்.

பிரஷர் வாஷரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு மெஷினே 100 பார் அழுத்தத்தைத் தாண்டும். நாட்டுக்கல்லின் வெந்த மேல்தோலை அது உரித்துவிடும். உள்ளே இருப்பது மழையைக் குடிக்கும் கல். காய்ந்த சிமெண்ட் திட்டோ அசையாமல் அங்கேயே இருந்தது! சுவருக்குள் இறங்கிய அவ்வளவு தண்ணீரும் பின்னால் உப்பாகப் பூத்தது தனிக் கதை. வயர்கட்டில் ஆசிட்டைக் கழுவிவிட, அகலமாக விசிறும் நாசிலைத் தள்ளிப் பிடித்து அடிக்கலாம், அதோடு சரி. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பதும் கிட்டத்தட்ட இதே ரகம். கூடவே, உடைந்து ஒட்டும் கம்பித் துணுக்கு துருப்பிடித்துப் புள்ளி வைக்கும்.

இந்த மூன்றையும்விட மலிவான நான்காவது ஒன்று இருந்தது, எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கட்டும் அன்றே சாயங்காலம், கலவை இறுகுமுன் காய்ந்த சாக்கால் ஒரு துடைப்பு. சாரப் பலகையில் கலவை கொட்டிக் கிடந்தால், மழையில் சுவரில் தெறிக்காதபடி இரவில் பலகையை நிமிர்த்தி வைப்பது.

உப்பைக் கல் வாங்கும்போதே பிடிக்கவும் வழியுண்டு. இந்தியத் தரநிலை ஐஎஸ் 3495-இல் உள்ள சோதனை: 25 மி.மீ. தண்ணீரில் கல்லை நிறுத்தி, தண்ணீர் முழுக்க வற்றவிட்டு, மறுபடி ஊற்றி வற்றவிடுவது. படிவு பரப்பில் 10 சதவீதத்துக்குள் என்றால் லேசு, 50 வரை மிதம், அதற்கு மேல் கடுமை. போர் தண்ணீரை ஊற்றினால் அதன் உப்பே கணக்கைக் கெடுக்கும். அதனால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்.

காம்பவுண்டுக்கு இன்னும் கல் எடுக்க வேண்டும். மூன்று சூளைகளிலிருந்து ஒவ்வொரு கல், மூன்று தட்டில் மொட்டைமாடியில் நிற்கின்றன. ஒன்றில் ஏற்கெனவே விளிம்பில் வெள்ளை தெரிகிறது.