ஏடிஎக்ஸ்எல்345 மாட்யூல் - பொம்மைப் பெட்டிக்குள்ள வச்சு லாரியில ஏத்தி விட்ட அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், அடி எவ்வளவு பலமா விழுந்துச்சுன்னு அளக்கறதுக்கு இந்த மாட்யூல் (வேகம் மாறுறத அளக்குற குட்டி சென்சார் போர்டு) ஆகாது. ஆனா விழுந்துச்சா, எத்தன மணிக்கு விழுந்துச்சு, எவ்வளவு உசரத்துலேர்ந்து விழுந்துச்சுன்னு கேட்டீங்கன்னா 190 ரூபாய்க்கு இதவிட ஒழுங்கா பதில் சொல்ற சாமான் நான் பார்த்ததில்ல.

எதுக்கு வாங்கினேன்னா, எங்க மாமா தஞ்சாவூர்ல கொலு பொம்மையும் தலையாட்டி பொம்மையும் வெளியூருக்கு பார்சல் போடுறவர். ஆவணி பொறந்துட்டா வீடு முழுக்க அட்டைப்பெட்டியும் வைக்கலும்தான், உக்கார எடம் இருக்காது. போன சீசன்ல உடைஞ்சு போச்சுன்னு வந்த போனே வரிசையா, ஒரு அம்மா தசாவதாரம் செட்டுல கல்கிக்கு குதிரை மட்டும்தான் மிச்சம்னு போட்டோ அனுப்பியிருந்தாங்க. பார்சல் ஆபீஸ்ல (பேரு எதுக்கு, விடுங்க) போய் கேட்டா நாங்க பூ மாதிரிதான் எறக்குறோம், உங்க பேக்கிங்தான் சரியில்லன்னு ஒரே பாட்டு. மாமா என்கிட்ட வந்து, "மாப்ள, நீதான் ராத்திரியெல்லாம் அந்த சின்ன போர்ட வச்சு நோண்டிக்கிட்டிருக்கியே, பெட்டிக்குள்ள ஒரு சாட்சி வைக்க முடியுமா பாரு"ன்னாரு.

மொதல்ல கையில கெடந்த எஸ்டபிள்யூ-420 வைப்ரேஷன் சென்சார வச்சேன். அது சும்மா ஒரு ஸ்விட்ச், ஆடுச்சா ஆடலையா அவ்வளவுதான். மாமாவோட டிவிஎஸ் 50ல பின்னாடி கட்டிக்கிட்டு கீழவாசல் வரைக்கும் போய் வந்ததுக்கே அர்டுயினோவுல (மாமா சொன்ன அந்த சின்ன போர்டு) பதிவு வைக்கிற ஒரு கேபி மெமரி, ஈஈப்ராம், ரொம்பிடுச்சு. அடுத்து எம்பியூ6050, இது வேகமாற்றத்தோட சுழற்சியயும் (ஜைரோ) அளக்கும். நல்ல சிப்தான், குறை சொல்லல, ஆனா நான் நேரம் பதியறதுக்கு வச்சிருந்த டிஎஸ்3231 கடிகார மாட்யூலுக்கும் இதுக்கும் ஐடூசி (ரெண்டே வயர்ல பல சிப்பு போர்டோட பேசுற முறை) விலாசம் ஒண்ணேதான், ரெண்டும் ஹெக்ஸ்ல 68. ஒரு சாயங்காலம் பூரா கடிகாரம் ஏன் பைத்தியம் மாதிரி உளறுதுன்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டேன். எம்பியூவோட ஏடி0 பின்ன பவர் லைனோட கட்டினா அதோட விலாசம் 69 ஆயிடும், தீர்ந்துச்சு, ஆனாலும் எனக்கு தேவையே இல்லாத ஜைரோவுக்கு ஏன் காசு குடுக்கணும்னுதான் ஏடிஎக்ஸ்எல்345க்கு வந்தேன். இதோட விலாசம் ஹெக்ஸ்ல 53, யாரோடயும் சண்டை இல்ல. கரண்டும் மைக்ரோஆம்ப் கணக்குலதான் குடிக்குது, நாள் கணக்குல பெட்டிக்குள்ள கெடக்கணும்னா அதுதான முக்கியம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு மாமாவுக்கு வெளக்குறது ஈசியா போச்சு. தலையாட்டி பொம்மையில தலைய தனியா ஒரு கம்பியில தொங்க விட்டிருக்கோம்ல, ஒடம்ப அசைச்சா தலை கொஞ்சம் பிந்தி ஆடுதுல்ல, அதேதான் மாமா, சிப்புக்குள்ள சிலிக்கான்ல ஒரு குட்டித் தலை ஸ்ப்ரிங்ல உக்காந்திருக்கு, அது எவ்வளவு நகந்துச்சுன்னு பக்கத்து தகட்டுக்கும் அதுக்கும் நடுவுல மாறுற கெப்பாசிட்டன்ஸ வச்சு எண்ணா குடுக்குதுன்னேன். பெட்டி கைய விட்டு நழுவி விழும்போது தலையும் கூடவே விழுறதால ஸ்ப்ரிங் மேல பாரமே இல்ல, மூணு பக்க ரீடிங்கும் சைபர்கிட்ட வந்துடும். மாமா உடனே புரிஞ்சுக்கிட்டாரு. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அப்ப அது தரையில மோதும்போது எவ்வளவு காட்டும்?"

வம்பே அங்கதான். இந்த சிப் அதிகபட்சம் 16 ஜி (ஒரு ஜின்னா பூமி இழுக்குற அளவு) வரைக்கும்தான் பேசும். 16 ஜின்னா பெருசுதானேன்னு நானும் நெனச்சேன். கணக்கு போட்டுப் பாருங்க: ஒரு மீட்டர் உசரத்துலேர்ந்து விழுற பெட்டிய கீழ இருக்குற வைக்கல் ரெண்டு சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்துதுன்னா, விழுந்த உசரத்த நின்ன தூரத்தால வகுத்தா சராசரியே கிட்டத்தட்ட 50 ஜி. வெறும் சிமெண்ட் தரையில அட்டை மட்டும்னா கேக்கவே வேணாம். திண்ணையிலேர்ந்து போட்டாலும் சரி, இடுப்பு உசரத்துலேர்ந்து போட்டாலும் சரி, எனக்கு வந்தது அதே 16தான், கிராப் மேல போய் தட்டி கத்தரிச்ச மாதிரி நிக்குது. இதே கம்பெனி 90களோட தொடக்கத்துல காரு ஏர்பேக்குக்காக கொண்டு வந்த ஏடிஎக்ஸ்எல்50யே 50 ஜி வரைக்கும் பாக்குமாம், அப்ப தாத்தா பாத்தத பேரன் பாக்க முடியலையான்னு கேக்காதீங்க, இவன வடிவமைச்சதே போன் சாயுறது, தட்டுறது மாதிரி மெல்லிசு வேலைக்கு. பலத்த அளக்கணும்னா 200 ஜி வரைக்கும் போற ஏடிஎக்ஸ்எல்375 இருக்கு, வெலை பல மடங்கு.

ரெண்டாவது வம்பு வேகம். பவர் போட்டதும் இது நொடிக்கு 100 ரீடிங்தான் எடுக்கும், அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு. கெட்டியான தரையில மோதல் சில மில்லிசெகண்டுல முடிஞ்சு போயிடும், நடுவுல தப்பிச்சிட்டா இடிச்சதே தெரியாது. 3200 வரைக்கும் போகும்னு பெருமையா போட்டிருப்பாங்க, அதுக்கு எஸ்பிஐங்கற வேகமான வேற வயரிங் வேணும், ஐடூசியில 400 கிலோஹெர்ட்ஸ்ல ஓட்டினாலும் 800தான் நெதானமான எல்லை. நான் 800ல வச்சிருக்கேன், போதும்.

இப்ப நல்லது. சிப்புக்குள்ளயே ஃப்ரீ ஃபால் (விழுறது), டேப் (தட்டு படுறது) ரெண்டையும் கண்டுபிடிக்கிற வேலை இருக்கு, அர்டுயினோ தூங்கலாம், விழுந்தா சிப்பு இன்டரப்ட் பின்ன (எழுப்புற சிக்னல் போற கால்) தூக்கி எழுப்பி விடும். நான் 0.5 ஜிக்கு கீழ 100 மில்லிசெகண்ட் இருந்தா விழுதுன்னு அர்த்தம்னு செட் பண்ணினேன், அந்த நேரத்துல பெட்டி 5 சென்டிமீட்டர்தான் எறங்கியிருக்கும், அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் எனக்கு கணக்கே இல்ல. அப்பறம் டேப் இன்டரப்ட் வர்ற வரைக்கும் ஆன நேரத்தோட அந்த 100ஐ கூட்டி, வர்க்கம் பண்ணி 4.9ஆல பெருக்கினா உசரம் மீட்டர்ல வந்துடும். 0.4 நொடின்னா ரெண்டரை அடி. மோதல் பலம் 16ல கத்தரிச்சாலும் உசரம் சுத்தமா வந்துடுது பாருங்க, எனக்கு இந்த மாட்யூல் மேல மரியாதை வந்ததே இதனாலதான். எஃப்ஐஎஃப்ஓங்கற சிப்போட உள்மெமரியில 32 ரீடிங் தாங்கும், ட்ரிகர் மோடுல (மோதல் வந்ததும் பிடிச்சு வைக்கிறது) போட்டா மோதுறதுக்கு முன்னாடி உள்ளதும் கெடைக்கும், 800ல மொத்தம் 40 மில்லிசெகண்ட் படம்.

ஸ்பார்க்ஃபன் லைப்ரரி போட்டா இதெல்லாம் ரெடியா இருக்கு, ரெஜிஸ்டர் (சிப்புக்குள்ள செட்டிங்கும் நிலவரமும் இருக்குற எடம்) படிச்சு கண்ண கெடுத்துக்க வேணாம். ஆனா ஒண்ணு, இன்டரப்ட் சோர்ஸ் ரெஜிஸ்டர படிக்கலன்னா பின் அப்படியே நிக்கும், அடுத்த விழுகை பதியாது. மொத தடவ சென்னைக்கு போய்ட்டு வந்த பெட்டியில ஒரே ஒரு பதிவு, அதுவும் நம்ம வீட்டு வாசல்லயே, மாமா கையிலேர்ந்து! பார்சல்காரங்கள சந்தேகப்பட்டோமேன்னு மாமா ரெண்டு நாளு மொகமே சரியில்லாம இருந்தாரு. அப்பறம்தான் பாத்தேன், அந்த ஒரு வரிய கோட்ல நான் விட்டிருக்கேன்.

இன்னொன்னு, பெட்டி சுத்திக்கிட்டே விழுந்தா, ஓரத்துல இருக்குற சென்சாருக்கு சுழற்சியால ஒரு இழுவை இருக்கும், சைபர் வராது, விழுகை தப்பிடும். நடுவுல வைக்கணும், நடுவுல பிள்ளையார் உக்காந்திருக்காரு. அதனால அவருக்குக் கீழ வச்சேன். ஒட்டுறதுக்கு பஞ்சு டேப் வேணாம், அது அடியில பாதிய தின்னுடும், அட்டைக்குள்ள ஒரு பிளைவுட் துண்டு வச்சு ஸ்க்ரூ போடுங்க. பேட்டரிக்கு லித்தியம் வேணாம், பார்சல்ல கேள்வி வரும், 3 பென்சில் செல் போதும், ப்ரோ மினியில (நான் வச்ச சின்ன அர்டுயினோ) எரியுற பவர் எல்இடிய மட்டும் பிடுங்கிடுங்க. மாட்யூல்ல பின் ஹெடர் தனியா வரும், சால்டரிங் நீங்கதான். வந்ததும் டிவைஸ் ஐடி படிச்சுப் பாருங்க, 229 வரணும், வரலன்னா வயரிங் தப்பு இல்ல சரக்கு தப்பு.

ரெண்டாவது தடவ கோயம்புத்தூருக்கு போன பெட்டியில 3 விழுகை. ஒண்ணு ராத்திரி 2.47க்கு, 0.43 நொடி, அதாவது மூணு அடி, இடுப்பு உசரம். வைக்கல் ரெட்டிப்பா போட்டிருந்ததால பொம்மை தப்பிச்சிடுச்சு. பிரிண்ட் எடுத்துக்கிட்டு ஆபீஸுக்கு போனோம். அங்க இருந்தவரு பேப்பர பாக்கல, "பெட்டிக்குள்ள பேட்டரி வயரெல்லாம் வச்சா அனுப்பினீங்க, இது என்ன குண்டா"ன்னு எங்கள மடக்கிட்டாரு. மாமா விடல, மூணு அடிய வெரல்ல தொட்டுக் காட்டிக்கிட்டே நின்னாரு. இப்ப எங்க பெட்டிய எறக்கும்போது மட்டும் ரெண்டு பேரு வர்றாங்களாம்.

மாட்யூலுக்கு என் மார்க் 5க்கு 4. ஒரு மார்க்க 16 ஜிக்காக பிடிச்சுக்கிட்டேன். மாமா இன்னும் நாலு கேக்குறாரு, பாதி பெட்டிக்குள்ள ஒண்ணுமே வைக்காம மேல "உள்ளே மீட்டர் உள்ளது"ன்னு மட்டும் எழுதிடலாம்ங்கறாரு.