எஸ்டிபியா, ஆர்டிபியா: அடிக்கடி பிளேட்லெட் ஏற்ற வேண்டியவர்களுக்கு எது உகந்தது?

எலும்பு மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உருவாக்காத அப்ளாஸ்டிக் அனீமியாவால் பாதிக்கப்பட்ட என் தங்கைக்கு வேலூரில் சிகிச்சை நடந்தபோது, பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட்டான ஆர்டிபியை விடுத்து, ஒரே கொடையாளரிடமிருந்து இயந்திரம் வழியே எடுக்கும் எஸ்டிபியையே மருத்துவரின் ஆலோசனையுடன் தேர்ந்தெடுத்தோம். ஒரு எஸ்டிபி ஏறத்தாழ ஆறு ஆர்டிபிக்குச் சமம்; விலையோ பல மடங்கு. இரண்டுமே 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே வைக்கப்பட வேண்டியவை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, அந்நிய அணுக்களைத் தாக்க உடல் உருவாக்கும் எதிர்பொருள் (ஆன்டிபாடி) பற்றிய அச்சம். அணுக்கள் தன்னுடையவையா பிறருடையவையா என்று உடல் அடையாளம் காண உதவுபவை எச்எல்ஏ புரதங்கள்; பிளேட்லெட்டின் மேற்பரப்பில் அவற்றின் முதல் வகை உள்ளது. அதை மட்டும் கண்டால் நோய் எதிர்ப்பு மண்டலம் பெரும்பாலும் கிளர்வதில்லை. உடன் கலந்துவரும் வெள்ளையணுக்கள், இரண்டாம் வகை எச்எல்ஏவையும் தாங்கியிருப்பதால், அந்த மண்டலத்தைத் தூண்டிவிடுகின்றன. எதிர்பொருள் உருவாகிவிட்டால், பிறகு ஏற்றும் பிளேட்லெட்டுகள் விரைவிலேயே அழிக்கப்படுகின்றன. ஏற்றிய ஒரு மணி நேரத்துக்குள் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்ப்பது இதைக் கண்டறியத்தான்.

ரத்தப் புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெள்ளையணு நீக்காத பிளேட்லெட் பெற்றவர்களுள் 45 விழுக்காட்டினருக்கு எதிர்பொருள் உருவானது. நீக்கியதைப் பெற்றவர்களிடம் அது 17, 18 விழுக்காடாகக் குறைந்தது. வெள்ளையணுக்களை வடிகட்டிய ஆர்டிபியும் அவ்வாறே வடிகட்டிய எஸ்டிபியும் அதில் ஏறக்குறைய சமமாகவே இருந்தன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனவே எஸ்டிபி கிடைக்காதவர்கள் கலங்க வேண்டியதில்லை. வெள்ளையணு நீக்கியதா என்று ரத்த வங்கியில் கேட்பதே முதன்மையானது.

அப்படியிருந்தும் நான் எஸ்டிபியின் பக்கமே நிற்கிறேன். இன்றைய இயந்திரங்கள் பலவும் எடுக்கும்போதே வெள்ளையணுக்களைப் பெருமளவு நீக்கிவிடுகின்றன. அதைவிட முக்கியமாக, எதிர்பொருள் உருவாகிவிட்டால் எச்எல்ஏ பொருந்தும் ஒருவரைத் தேடி அவரிடமிருந்து முழு அளவையும் பெற இந்த முறையே வழி. டெங்குவில் ரத்தக்கசிவு கண்டு ஓரிரு முறை மட்டும் ஏற்றுவோருக்கு இந்தக் கவலை குறைவு; அவர்களுக்கு ஆர்டிபியே போதும் என்பது என் கருத்து, ஆனால் நான் அருகிருந்து பார்த்தது ஒரே நோயாளியைத்தான்.

கொடையாளரைத் தேடும் குடும்பங்கள் ஒன்றை மறக்கக் கூடாது. எலும்பு மஜ்ஜை மாற்றும் வாய்ப்பிருந்தால் உடன்பிறந்தவர்களோ பெற்றோரோ பிளேட்லெட் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அவர்களின் அணுக்களை உடல் முன்பே பகையாகப் பழகிக்கொண்டால், பின்னர் பொருத்தும் மஜ்ஜையையும் நிராகரிக்கக்கூடும். அதனால் என்னைக் கொடுக்கவிடாமல், குடியாத்தத்திலிருந்தும் இராணிப்பேட்டையிலிருந்தும் வந்த நண்பர்களிடமே பெற்றார்கள்.