அப்பாவுக்கு வாங்கிய அண்டர்பேட், இப்போது பூசணிக்கு

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காக மருந்துக்கடையில் விற்கும், சிறுநீரை உறிஞ்சும் விரிப்பான அண்டர்பேட்தான் இது. 60க்கு 90 செ.மீ. அளவு, பத்து கொண்ட பொட்டலம் எனக்கு 290 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்பா போன பிறகு அலமாரியில் ஒரு பொட்டலம் மீந்து கிடந்தது. என் பூனை பூசணிக்கு வலிப்பு வரத் தொடங்கியதும் அதைப் பிரித்தேன். ஏழு மாதமாகத் தொடர்ந்து வாங்குகிறேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

பூசணி ஆறு வயதுக் கடுவன், நாலரைக் கிலோ. வலிப்பு வந்தால் நான்கு காலும் நீந்துவதுபோல் அடித்துக்கொள்ளும். அந்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே சிறுநீர் தன்னால் போய்விடும். அடங்கிய பின்னும் வெகுநேரம் சுவரில் முட்டிக்கொண்டு திரிவான். சிறுநீர் கழிக்கும் மண்தட்டு இருக்கும் மூலைகூட நினைவிருக்காது. செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய விரிப்பில் ஏதோ பூவாசனை ஏற்றியிருந்தார்கள். மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிட்டான். இதில் வாசனை இல்லை. உறிஞ்சும் வேகத்திலும் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில். அடியிலுள்ள நீல பிளாஸ்டிக் மொசைக் தரையில் வழுக்குகிறது. நகத்தால் கீறினால் உள்ளிருக்கும் ஜெல் பிதுங்கிப் பாதத்தில் ஒட்டுகிறது. போதாததற்கு மொரமொரவென்று சத்தம். சில வயதான பூனைகளுக்கு அலுமினியத் தாளைக் கசக்கும் சத்தமே வலிப்பைக் கிளப்பிவிடும் என்று படித்ததிலிருந்து எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. மேலே பழைய வேட்டித் துண்டு ஒன்றை விரித்துவிடுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு இதை நான் விடாததற்குக் காரணம் சமையலறைத் தராசு. வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோன் தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் பேடையும் துணியையும் விரிப்பதற்கு முன்பும் பின்பும் நிறுத்து எழுதத் தொடங்கினேன். ஒரு கிராம் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லி. தட்டைத் தேடிப்போகாத இரவுகளில் 50, 60 கிராம் ஏறும்.

ஜூன் மாதம் ஓர் இரவு, இரண்டாவது வலிப்புக்குப் பிறகு, ஈரம் அங்கங்கே காசளவு மட்டுமே இருந்தது. 4 கிராம், 3, பிறகு 5. தட்டிலும் ஒன்றுமில்லை. ஒரு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, "வலிப்புக்குப் பிறகு அப்படித்தான் சொட்டும், காலையில் கொண்டுவாருங்கள்" என்றார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு வெறும் 12 கிராம் என்ற கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. விடிவதற்குள் வேறொரு மருத்துவரிடம் கூடையோடு போய் நின்றேன். அடிவயிற்றைத் தொட்டதுமே அவர் முகம் மாறியது. சிறுநீர்ப்பை சாத்துக்குடி அளவில் கல்லாக இருந்தது. கடுவன்களுக்குச் சிறுநீர்த் தாரை குறுகல். அது அடைத்துக்கொண்டதால், நிரம்பிய பையிலிருந்து கசிந்ததைத்தான் நான் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னும் தாமதித்திருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றிருக்கக்கூடும் என்றார். வலிப்பும் அடைப்பும் தனித்தனிச் சங்கதி, ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். குழாய் வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்.

வாங்குவதாக இருந்தால் இந்தப் பெரிய அளவையே வாங்குங்கள். 60க்கு 60 சதுரத்தில் வால் பக்கம் வெளியே போய்விடுகிறது. தரையில் கசிந்ததைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். அதிலுள்ள பீனால் வகைகளைப் பூனையின் ஈரலால் கையாள முடியாது. எங்கள் வீட்டில் சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் வினிகரும்தான்.