எச்டிபிஈ, எல்டிபிஈ: ரெண்டும் பாலிதீன்தான், அப்புறம் என்ன வித்தியாசம்?

மொதல்ல ஒண்ணு, பாலிதீன்னு நாம சொல்றதும் பாலிஎத்திலீன்னு புக்ல போட்டிருக்கறதும் ஒரே சரக்குதான், எத்திலீன் மூலக்கூறு ஆயிரக்கணக்குல கைகோத்து நீள சங்கிலியா நின்னா அதான் பாலிஎத்திலீன். அதுல எச்டிபிஈன்னா (HDPE, ஹை டென்சிட்டி பாலிஎத்திலீன்) அடர்த்தி ஜாஸ்தி, எல்டிபிஈன்னா (LDPE, லோ டென்சிட்டி) கம்மி.

அதுக்காக ஒண்ணு கல்லு இன்னொண்ணு பஞ்சுன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு கன சென்டிமீட்டருக்கு எல்டிபிஈ சுமார் 0.92 கிராம், எச்டிபிஈ 0.95 கிராம், அவ்ளோதான், ரெண்டுமே தண்ணில மெதக்கும். விஷயமே சங்கிலியோட வடிவத்துலதான் இருக்கு. எல்டிபிஈ சங்கிலில கண்டபடி கிளை கிளையா போகும், முள்ளு வெட்டி குவிச்ச மாதிரி, நெருக்கி அடுக்கவே முடியாது, அதனால மெத்துனு வளையுது. எச்டிபிஈல கிளை ரொம்ப கம்மி, வெறகு கட்டு மாதிரி ஒட்டி அடுக்கிக்கும், அந்த விறைப்பு அங்கிருந்துதான் வருது, உருகறதுக்கும் ஜாஸ்தி சூடு கேக்கும் (எச்டிபிஈ 130 டிகிரி பக்கம், எல்டிபிஈ 110 பக்கம்).

பேர் ஞாபகம் இல்லன்னா ஒரு கவர எடுத்து கசக்கி பாருங்க. சரசரன்னு சத்தம் போட்டா பெரும்பாலும் எச்டிபிஈ, சத்தமில்லாம இழுக்க இழுக்க நீண்டுகிட்டே வந்தா எல்டிபிஈ. பாட்டில்னா அடில முக்கோணத்துக்குள்ள பாருங்க, 2 போட்டிருந்தா எச்டிபிஈ, 4ன்னா எல்டிபிஈ.

பிதுக்கி எடுக்கற பாட்டிலுக்கு என் ஓட்டு எல்டிபிஈக்குதான், கேன், பைப்னா யோசிக்காம எச்டிபிஈ.