அகஸ்டஸ் ரெசின் சிலை: வேலைப்பாடு ஓகே, வெள்ளைக் கலர் தான் பிரச்சனை

ஆன்லைன்ல ஆர்டர் பண்ணின பிரிமா போர்த்தா அகஸ்டஸ் சிலை வந்தாச்சு, அதாவது ரோமோட முதல் பேரரசர் அகஸ்டஸுக்கு வச்ச பழைய மார்பிள் சிலையோட சின்னக் காப்பி, பிரிமா போர்த்தா அது கெடச்ச எடம். ரெசின் தான், ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் மேல உயரம், பேக்கிங் பக்கா. நீட்டிட்டு இருக்கற அந்த வலது கை தான் இந்த மாதிரி சிலைல முதல்ல உடையற எடம், விரல் கூட உடையாம வந்துச்சுன்னா அதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கணும். நெத்தில முடி கவட்டை மாதிரி பிரிஞ்சு விழும் பாருங்க, அத வச்சு தான் அகஸ்டஸ் சிலையயே அடையாளம் கண்டுபிடிப்பாங்க, அதுவும் கரெக்டா இருக்கு.

மார்க்கவசத்துல சொதப்பிட்டாங்க. ஒரிஜினல்ல நடுவுல பார்த்தியாக்காரன் (ரோமுக்குக் கிழக்க ஈரான் பக்கம் இருந்த எதிரிப் பேரரசு) ரோமப் படையோட கொடியத் திருப்பிக் குடுக்கற சீன் இருக்கும், கி.மு. 20ல சண்டை போடாமயே பேசி வாங்கினது, அத என்னமோ பெரிய போர்ல ஜெயிச்ச மாதிரி நெஞ்சுல செதுக்கி வச்சிருக்காரு மனுஷன். இங்க அந்த ரெண்டு பேரும் வெறும் மேடு பள்ளம். கால்கிட்ட டால்பின் மேல வீனஸ் தெய்வத்தோட பிள்ளை க்யூபிட் இருக்கணும், எங்க குலம் வீனஸ் வழி வந்ததுன்னு அகஸ்டஸ் சொல்லிக்கறதுக்காக வச்சது, இதுல ஏதோ மூட்டை மேல குழந்த உக்காந்த மாதிரி இருக்கு.

இதெல்லாம் கூட விட்டுரலாம். உள்ள ஒரு சீட்டு வச்சு "ஒரிஜினலின் தூய வெண்மை"ன்னு போட்டிருக்கான், அது தான் தாங்கல. 1863ல ரோமுக்கு வெளிய அகஸ்டஸ் பொண்டாட்டி லிவியாவோட வில்லாவுல ஒரிஜினல தோண்டி எடுத்தப்பவே சிவப்பு, நீலம்னு பழைய பெயின்ட் ஒட்டிட்டு இருந்துச்சு. மண்ணுக்குள்ள கெடந்தும், அப்புறம் கழுவித் தேச்சும் பழைய சிலைங்க கலர் போச்சு, மறுமலர்ச்சி காலத்து ஆளுங்க அந்த வெள்ளையப் பார்த்து தாங்களும் வெள்ளையாவே செதுக்கினாங்க, 18ஆம் நூற்றாண்டுல கலை வரலாறு எழுதின விங்கெல்மான் மாதிரி ஆளுங்க வெள்ளை தான் அழகுன்னு எழுதி அத கிட்டத்தட்ட சட்டமாவே ஆக்கிட்டாங்க. 1930கள்ல பிரிட்டிஷ் மியூசியத்துல பார்த்தெனான்ங்கற கிரேக்கக் கோயிலோட சிற்பங்கள இன்னும் வெள்ளையாக்கறேன்னு செப்புக் கருவி வச்சு சுரண்டின கூத்தெல்லாம் நடந்திருக்கு. இப்ப நெட்ல மார்பிள் தலைய டிபியா வச்சுட்டு டிசிப்ளின் பத்தி கிளாஸ் எடுக்கற அக்கவுண்ட் எல்லாம் அதே வெள்ளையத் தான் இன்னும் ஓட்டிட்டு இருக்கு.

அதுக்காக கலர் அடிச்ச வெர்ஷன அப்படியே நம்பிடவும் வேணாம். 2003ல மியூனிக்ல தொல்லியல்காரர் பிரிங்க்மானோட டீம் பழைய சிலைங்களோட கலர் அடிச்ச காப்பிகள கண்காட்சி வச்சாங்க, அது பல ஊருக்குப் போச்சு. எந்த எடத்துல என்ன கலர்னு ஓரளவு கண்டுபிடிக்கலாம், ஆனா எத்தன கோட், நிழல் எப்படி குடுத்தாங்கன்னெல்லாம் ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளயே சண்டை ஓடுது.

அகஸ்டஸும் லேசுப்பட்ட ஆள் இல்ல. நிக்கற போஸ் கிரேக்க சிற்பி பாலிக்ளைடஸோட ஈட்டிக்காரன் சிலைலேர்ந்து எடுத்தது, அதாவது அவருக்கே நாநூறு வருஷம் பழைய கிரேக்க ஸ்டைல். 75 வயசு வரைக்கும் வாழ்ந்தவரு, சிலைல மட்டும் கெழவனாகவே மாட்டாரு. பின்னாடி இத்தாலி சர்வாதிகாரி முசோலினி இவரப் பிடிச்சுக்கிட்டான், 1937ல அகஸ்டஸ் பொறந்து ரெண்டாயிரம் வருஷம்னு பெரிய கண்காட்சி, ரோம்ல அவன் போட்ட ரோட்டோரம் இதே சிலையோட வெண்கலக் காப்பி, அது இன்னிக்கும் அங்க நிக்குது.

சரி வாங்கலாமான்னா, வாங்கலாம், ஆனா இந்த சைஸ் வேணாம், கவசம் தெளிவா வேணும்னா குறைஞ்சது ரெண்டு மடங்கு உயரத்துல எடுங்க. கலர் அடிக்கப் போறீங்கன்னா சோப்புத் தண்ணில கழுவிட்டு ப்ரைமர் போடுங்க, இல்லன்னா ரெசின்ல அக்ரிலிக் உரிஞ்சு வந்துரும். மேலங்கிக்கு சிவப்பு போட்டு ஆரம்பிச்சிருக்கேன், டால்பின் கிட்ட இன்னும் போகல.