எஸ்கேப் அடித்தால் நம்லாக் எரிகிறது: எஸ்ஜிஐ இண்டியில் ஐபிஎம் மாடல் எம்

எஸ்ஜிஐ, அதாவது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் இண்டி என்ற யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. 1993-இல் வெளிவந்த மெஷின், பீட்ஸா பெட்டி மாதிரி தட்டையான நீல உடம்பு, மானிட்டர் மேல் உட்கார ஒரு குட்டி கேமரா. நான் இருப்பது சன்னிவேலில். அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த மவுன்டன் வியூ பக்கத்து ஊர்தான், அவர்களுடைய பழைய கட்டடம் ஒன்றில்தான் இப்போது கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் இருக்கிறது. அதனால் கராஜ் ஒழிக்கிறவர்களிடம் எஸ்ஜிஐ சாமான்கள் இன்னும் அவ்வப்போது சிக்கும். ஆனால் கீபோர்டு சிக்காது, அதை யாரோ எப்போதோ குப்பையில் போட்டிருப்பார்கள்.

"பின்னாடி இருக்கிறது சாதாரண பிஎஸ்/2 தான், எதைச் செருகினாலும் ஓடும்" என்று விற்றவர் சொன்னார். பிஎஸ்/2 என்பது யுஎஸ்பிக்கு முன்னால் பிசிக்களில் கீபோர்டு செருக இருந்த சின்ன வட்ட சாக்கெட். நம்பி, வீட்டில் கிடந்த ஒரு மலிவு கருப்பு பிஎஸ்/2 கீபோர்டைச் செருகினேன். லாகின் திரை வந்தது, பாஸ்வேர்டு அடித்தேன், உள்ளே போய்விட்டது. அடடா, இவ்வளவுதானா என்று ஒரு டெர்மினலைத் திறந்து விஐ எடிட்டரில் நாலு வரி அடித்துவிட்டு எஸ்கேப்பைத் தட்டினேன். கீபோர்டில் நம்லாக் விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினேன், அணைந்தது. விஐ-யில் எஸ்கேப் வேலை செய்யாவிட்டால் என்ன கதி என்று பழகியவர்களுக்குத் தெரியும், உள்ளே மாட்டிக்கொண்டவன் வெளியே வர வழியில்லை. சரி, கன்ட்ரோல் சி அடித்து ஓடிவிடலாம் என்றால் கேப்ஸ்லாக் விழுந்து பெரிய எழுத்தில் ஒரு சி வந்து நின்றது. நம்லாக் எரியும்போது மேல் அம்பை அழுத்தினால் 8. இடது ஆல்ட்டை அழுத்தினால் அதுதான் கன்ட்ரோல். கேப்ஸ்லாக்கைப் பிடித்துக்கொண்டு சி அடித்தால் அதுவும் கன்ட்ரோல் சி! சன் கம்பெனியின் யூனிக்ஸ் கீபோர்டுகளில் கன்ட்ரோல் அந்த இடத்தில்தான் இருக்கும், அதனால் ஒரு நிமிடம் இதுவும் நல்லதுதானே என்றுகூடத் தோன்றியது.

கீபோர்டு கெட்டுப்போகவில்லை. அதையே பிசியில் செருகினால் சமர்த்தாக ஓடுகிறது. விஷயம் ஸ்கேன் கோடில் இருக்கிறது. ஒரு கீயை அழுத்தினால் கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, அந்தக் கீக்கு உரிய ஓர் எண்ணை அனுப்புகிறது. இந்த எண்களுக்கு மூன்று பட்டியல்கள் உண்டு. முதலாவது 1981-இன் ஐபிஎம் பிசியோடு வந்தது, இரண்டாவது 1984-இன் ஏடி மெஷினோடு. மூன்றாவதன் வேர் ஐபிஎம்மின் டெர்மினல் (பெரிய கம்ப்யூட்டரோடு இணைக்கிற திரையும் கீபோர்டும்) கீபோர்டுகளில் இருக்கிறது, மூன்றில் அதுதான் சுத்தம்: ஒவ்வொரு கீக்கும் ஒரே ஓர் எண், முன்னொட்டு பின்னொட்டு எதுவும் கிடையாது. பிசிக்கள் எல்லாம் இரண்டாம் பட்டியலோடு நின்றுவிட்டன. எஸ்ஜிஐ-க்காரர்கள் இண்டி, ஓ2, ஆக்டேன் என்று தங்கள் மெஷின்கள் எல்லாவற்றிலும் "மூன்றாவதில் பேசு" என்று கீபோர்டுக்குக் கட்டளை அனுப்புகிறார்கள்.

பிசி யாரும் மூன்றாவதைக் கேட்காததால், மலிவு கீபோர்டு செய்கிறவர்கள் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். கட்டளை வந்தால் "ஆகட்டும்" என்று தலையாட்டிவிட்டு இரண்டாவதிலேயே பேசிக்கொண்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பட்டியலிலும் அ முதல் ஃ வரை, அதாவது ஏ முதல் இசட் வரை, எண்கள் ஒன்றுதான். அதனால்தான் பாஸ்வேர்டு ஏறியது. மற்ற கீகளில்தான் குழப்படி. இரண்டாவதில் எஸ்கேப்பின் எண் 76, மூன்றாவதில் 76 என்றால் நம்லாக். இடது கன்ட்ரோல் அங்கே 14, இங்கே 14 என்றால் கேப்ஸ்லாக். இடது ஆல்ட் அங்கே 11, இங்கே அது இடது கன்ட்ரோல். (எல்லாம் பதினாறடிமான எண்கள்.) ஒரே ஊரில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு தெரு இருந்தால் தபால்காரர் படுகிற பாடுதான் இண்டி பட்டது.

இதெல்லாம் புரிந்த பிறகு வாங்கியதுதான் மாடல் எம் என்ற ஐபிஎம்மின் பழைய கீபோர்டு. பார்ட் நம்பர் 1391401, பின்பக்கத்து லேபிளில் 1989 என்று தேதி, எனக்கு 70 டாலர். இண்டியை அணைத்துவிட்டுச் செருகினேன். பிஎஸ்/2-வை ஓடும்போது பிடுங்கிச் செருகக் கூடாது, போர்டில் இருக்கும் ஃப்யூஸ் போனால் அப்புறம் சால்டரிங் அயர்னைத் தேட வேண்டியதுதான். பூட் ஆனதும் எஸ்கேப் எஸ்கேப்பாக இருந்தது, கன்ட்ரோல் கன்ட்ரோலாக இருந்தது, அம்புகள் அம்புகளாக. ஆல்ட் எஃப்9 அடித்தால் விண்டோ சுருங்கி ஐகான் ஆகிறது. மூன்றாவது பட்டியலைக் கேட்டால் உண்மையிலேயே அதில் பேசுகிற கீபோர்டு, அவ்வளவுதான். இதில் விண்டோஸ் கீ கிடையாது, இண்டியில் ஓடும் எஸ்ஜிஐ-யின் யூனிக்ஸான ஐரிக்ஸுக்கு அது தேவையும் இல்லை.

அடிக்கிற சுகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு ஸ்பிரிங். அழுத்த அழுத்த அது வளைந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று மடிந்து பக்கச் சுவரில் அடிக்கும், அந்த நொடியிலேயே கீழே இருக்கும் சின்னத் தட்டு மெம்பிரேனை, அதாவது மின்தடங்கள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தட்டும். சத்தம், விரலுக்குத் தெரிகிற துடிப்பு, எழுத்து விழுவது எல்லாம் ஒரே கணம். எழுத்து விழுந்ததா என்று திரையைப் பார்க்கவே வேண்டாம், விரலுக்குத் தெரிந்துவிடும். எடை இரண்டு கிலோவுக்கு மேல், மேசையில் வைத்தால் அசையாது. கீயின் மேல்மூடி தனியாகக் கழன்று வருகிறது, ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்தேன், முப்பது வருஷத்து அழுக்கு போய் எழுத்துகள் புதுசு மாதிரி நிற்கின்றன. எழுத்தின் சாயம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஏறியிருப்பதால் தேய்ந்து போவதில்லை.

சத்தம்தான் பிரச்சனை. முதல் நாள் ராத்திரி ஒரு மணிக்கு மனைவி எழுந்து வந்து, "ஏங்க, இந்நேரத்துல அவல் இடிக்கிறீங்களா?" என்றாள். பத்து மணிக்கு மேல் இண்டிக்கு ஓய்வு என்று ஒப்பந்தம்.

அடுத்த குறை வயசு. உள்ளே ஸ்பிரிங்குகள் உட்காரும் குழாய்கள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டையும் சேர்த்துப் பிடிப்பது பிளாஸ்டிக் ரிவெட்டுகள்தான். நாளாக நாளாக அவை ஒவ்வொன்றாக உடைந்து உதிரும். வாங்கும்போது கீபோர்டைத் தூக்கி லேசாகச் சாய்த்துப் பாருங்கள், உள்ளே மிளகு உருள்வது போல் கேட்டால் அதுதான். என்னுடையதைத் திறக்க 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் தேவைப்பட்டது, போல்ட்டுகள் குழிக்குள் ஆழமாக இருப்பதால் குட்டை ஸ்பேனர் எட்டாது. உள்ளே ஏழு ரிவெட் உடைந்து கிடந்தன. ஸ்பேஸ்பார் பக்கம் தொளதொளவென்று இருந்ததற்குக் காரணம் அதுதான். உடைந்த இடங்களில் துளை போட்டு சின்ன ஸ்க்ரூவும் நட்டும் முடுக்கிவிட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. பொறுமை இல்லாதவர்கள் ஏற்கெனவே யாராவது சரிசெய்து வைத்திருக்கும் பீஸாகப் பார்த்து வாங்கிவிடுவது நல்லது.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. மாடல் எம் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. வலது மேல் மூலையில் மூன்று விளக்குகளும் இல்லாமல், ஒயர் நுனியில் டெலிபோன் பிளக் மாதிரி ஒன்றோடு வந்தால் அது டெர்மினலுக்கானது, நேரடியாக இண்டியில் ஏறாது. ஐந்து ஊசி இருக்கும் பெரிய வட்டப் பிளக் வந்தால் பயப்பட வேண்டாம், பேசும் முறை அதேதான், சாதாரண பிளக் மாற்றி ஒன்று போதும். யுஎஸ்பி கீபோர்டில் குட்டி பிஎஸ்/2 மாற்றியை மாட்டிச் செருகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: அந்த மாற்றிக்குள் வெறும் கம்பிதான் இருக்கிறது, கீபோர்டுக்கே பிஎஸ்/2 பேசத் தெரிந்தால்தான் பலன், அப்படித் தெரிந்தாலும் மூன்றாவது பட்டியல் தெரியுமா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

கையில் இருக்கும் கீபோர்டைச் சோதிக்க இண்டியே வேண்டும் என்றில்லை. நிஜ பிஎஸ்/2 போர்ட் இருக்கும் பழைய பிசியில் லினக்ஸை பூட் செய்யும்போது, ஏடிகேபிடி என்ற கீபோர்டு டிரைவருக்கு செட் 3 (மூன்றாவது பட்டியல்) என்று சொல்லி, போர்டில் கீபோர்டைக் கவனிக்கிற ஐ8042 கன்ட்ரோலரின் மொழிமாற்றத்தையும் அணைத்துவிட்டால் கெர்னலும் எஸ்ஜிஐ மாதிரியே மூன்றாவதைக் கேட்கும். எஸ்கேப்பும் கன்ட்ரோலும் ஒழுங்காக இருந்தால் இண்டியில் ஓட நல்ல வாய்ப்பு.

அப்புறம் இண்டிக்கு முந்தைய இண்டிகோ வைத்திருப்பவர்கள், பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல் என்று இதைப் படித்துவிட்டு மாடல் எம்மை அதில் செருகிவிடாதீர்கள். அங்கேயும் ஆறு ஓட்டை வட்ட சாக்கெட்தான், பார்க்க பிஎஸ்/2 போலவே இருக்கும், ஆனால் உள்ளே ஓடுவது எஸ்ஜிஐ-யின் சொந்த ஏற்பாடு, மெஷினோ கீபோர்டோ அடிபடலாம். இண்டிகோ2-வில் பயமில்லை, அது பிஎஸ்/2 தான்.

நண்பர் ஒருவர் சன் கம்பெனியின் மெஷினான தன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5-க்கும் இதை இரவல் கேட்டார். சன் கதை வேறு, எட்டு ஊசி, 1200 பாட் வேகத்தில் சீரியல், மவுஸைக்கூட கீபோர்டில்தான் செருக வேண்டும். இடையில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வைத்து மொழிபெயர்த்தால் மாடல் எம் ஓடும், ஆனால் ஸ்டாப் கீயும் ஏ-யும் சேர்த்து அடித்து மெஷினுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கிற ஓகே என்ற வரிக்கு இறங்குகிற வசதிக்கு வேறு ஏதாவது கீயை ஒதுக்க வேண்டும். இடது பக்கம் தனியாக ஒரு கொத்துக் கீகளோடு வரும் சன் டைப் 5 கீபோர்டே ஒன்று தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கீபோர்டு எதுவும் இல்லாமல் பூட் செய்தால் அந்த மெஷின் தானாகவே சீரியல் போர்ட் பக்கம் போய்விடும், அதுவரை லேப்டாப்பில் இருந்து 9600 பாட் வேகத்தில் பேசிக்கொண்டிருக்கலாம்.

பத்துக்கு எட்டு தருகிறேன். ஒன்று ரிவெட்டுக்காக, ஒன்று பத்து மணி ஒப்பந்தத்துக்காகக் கழித்தது.