பெரிய பைக் மீன்: கரையேற்றியபின் கைகொடுக்கும் கருவிகள், நீண்டநாள் பயன்பாட்டில்

பைக் என்னும் நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் பணத்தைத் தூண்டில் ராடிலும் நரம்பு சுற்றும் ரீலிலும் கொட்டுகிறார்கள். இங்கிலாந்தின் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பல குளிர்காலங்கள் புழங்கியபின் எங்கள் கணக்கு தலைகீழ். 12 அடி நீளத்தில் நடுத்தர விலை ராட் போதும். வலை, மீனைக் கிடத்தும் விரிப்பு, முள் கழற்றும் கிடுக்கி, கட்டிங் பிளேயர் இந்த நான்கிலும் கஞ்சத்தனம் ஆகாது.

பிரிட்டனில் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ தாண்டினால்தான் பெரிய பைக். அந்த எடைக்கு வருவதெல்லாம் பெண் மீன்கள். ஆண் 10 பவுண்டைத் தாண்டுவதே அபூர்வம். வேல்ஸில் லாண்டெக்வெத் நீர்த்தேக்கத்தில் 1992-ல் பிடிபட்ட 46 பவுண்டு 13 அவுன்ஸ் மீன் 30 ஆண்டுகளுக்கும் மேல் பிரிட்டிஷ் சாதனையாக நின்றது. வாய் நிறையப் பல்லோடு முரடாகத் தெரியும் இந்த மீன், தண்ணீரை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் துவண்டுபோகும்.

முதலில் கம்பி. விரால் தூண்டிலில் பழகியவர்கள் தூண்டில் நரம்பிலேயே நேராக முள் கட்டிவிடுவார்கள். பைக்கின் பல்லில் அது நொடியில் அறுந்து, முள் மீனின் தொண்டையிலேயே தங்கிவிடும். 15 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு அல்லது 50 பவுண்டு தாங்கும் பிரெய்ட் (பின்னல் நரம்பு), அதன் முனையில் 28 முதல் 30 பவுண்டு தாங்கும் பல இழைக் கம்பி ட்ரேஸ் (நரம்புக்கும் முள்ளுக்கும் இடைப்பட்ட துண்டு), நீளம் குறைந்தது 50 செ.மீ. மீன் உருளும்போது குட்டையான ட்ரேஸ் உடம்பில் சுற்றி, பல் நரம்பில் பட்டுவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கம்பியை விரலிடுக்கில் இழுத்துப் பாருங்கள். ஒரு சுருட்டல் தெரிந்தாலும் குப்பைதான். பெரும்பாலும் சுவிவலை (நரம்பையும் ட்ரேஸையும் இணைக்கும் சுழல் வளையம்) ஒட்டிய இடத்தில்தான் இழை பிரியத் தொடங்கும். கம்பிக்குப் பதில் தடித்த ஃப்ளூரோகார்பன் என்னும் பிளாஸ்டிக் நரம்பையும் போட்டுப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிட்டால் அதை நம்ப முடியாது, கம்பிக்கே திரும்பிவிட்டோம்.

செத்த இரைக்கு 6-ஆம் எண் ட்ரெபிள் (மூன்று முனை) முள் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரையைக் குத்தும் முனையில் மட்டும் பின்முள் (கழன்று வராமல் தடுக்கும் எதிர்முள்) இருக்கட்டும். மற்ற இரண்டு முனைகளில் பின்முள் இல்லாவிட்டால் கழற்றும் நேரம் பாதியாகும். இழுப்பு தெரிந்ததும் சுண்டுங்கள். 'விழுங்கட்டும்' என்று காத்திருப்பதுதான் முள் வயிற்றுக்குப் போவதற்கு முதல் காரணம். மீன் இழுப்பதைச் சொல்லும் இழுவைக் காட்டியின் ஓசை கேட்காத தூரத்துக்கு ராடை விட்டு நகரவே கூடாது.

வலை 42 அங்குல வாய், ரப்பர் பூசிய கண்ணி. முடிச்சு போட்ட சாதா நைலான் வலை துடுப்புகளைக் கிழிக்கிறது, ட்ரெபிளும் அதில் சிக்கிப் பெரும்பாடு. ரப்பர் வலையின் குறை எடை. ஓடும் ஆற்றில் ஒரு கையால் சமாளிப்பது சிரமம். சில பருவங்களில் பூச்சு உரியவும் செய்யும். மீன் வலைக்குள் வந்ததும் தூக்க அவசரப்படாதீர்கள். அதைத் தண்ணீரிலேயே ஓய்வெடுக்க விட்டு, விரிப்பை நனைத்து, கிடுக்கியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

விரிப்பு தடித்த நுரை வைத்ததாக இருக்க வேண்டும். சுருட்டி எடுத்துப்போகும் மெல்லிய ரகம் சரளைக் கரையில் பயனில்லை. தையல் விட்டால் நுரை தண்ணீரைக் குடித்துக் கனக்கும். வாங்கும்போதே தையலைப் பாருங்கள்.

முள் கழற்றுவதில்தான் பலருக்கும் கை நடுங்கும். மீனை மல்லாக்கப் படுக்கவைத்து, இருபுறமும் முழங்கால் ஊன்றி அணையுங்கள், எடையைப் போடாதீர்கள். இடது கை விரல்களைச் செவுள் மூடியின் ஓரத்துக்குள் நுழைத்து, மூடியின் உட்புறத்தை ஒட்டியே முகவாய் வரை நகர்த்துங்கள். உள்ளே இருக்கும் சிவந்த செவுளைத் தொட்டால் ரத்தம் கொட்டும். கட்டைவிரல் வெளியே தாடையை அழுத்தட்டும். தலையை மெல்ல உயர்த்தினால் வாய் தானாகத் திறக்கும். 10 அங்குலத்துக்குக் குறையாத கிடுக்கியால் முள்ளின் தண்டைப் பிடித்து, குத்திய திசைக்கு எதிராகப் புரட்டுங்கள். குட்டைக் கிடுக்கி வாங்கினால் விரல் பல்லுக்குள் போகும், அவ்வளவுதான். ஆழமாகப் போயிருந்தால் கம்பியை லேசாக இழுத்துப் பிடித்து, செவுள் இடுக்கு வழியாகக் கிடுக்கியை விட்டு எட்டலாம். அதற்கும் வராவிட்டால் கட்டிங் பிளேயரால் முள்ளைத் துண்டாக நறுக்கி எடுங்கள். முள் போனால் போகிறது.

இடது கைக்கு மெல்லிய தோல் கையுறை நல்லது. உலர்ந்த துணிக் கையுறை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். வாய் பிளக்கும் ஸ்பிரிங் கம்பியும், தாடையைக் கவ்வித் தொங்கவிடும் லிப் கிரிப்பும் தேவையில்லை. மீன் ஒருமுறை உருண்டால் தாடை கிழியும். எடை பார்க்க நனைத்த ஸ்லிங் (மீனை இட்டுத் தூக்கும் தூளி) மட்டுமே. படம் எடுப்பதானால் விரிப்புக்குச் சற்று மேலே, வயிற்றுக்கடியில் கை கொடுத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள்.

விடும்போது வாலடியையும் வயிற்றையும் தாங்கி நிமிர்த்தி நிறுத்துங்கள். ஆற்றில் முகம் நீரோட்டத்தைப் பார்க்கட்டும். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். அதுவாக உதைத்துக் கிளம்பும். தண்ணீர் 20 டிகிரியை நெருங்கும் கோடையில் பைக் பிடிக்கவே போகாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த பெரிய மீன் நீந்திப் போனாலும் பின்னர் செத்துவிடக்கூடும். இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை எப்படியும் தடை.

வீட்டுக்கு வந்ததும் வலையையும் விரிப்பையும் கழுவி முழுக்கக் காயவையுங்கள். ஈரத்தில் ஒட்டிய அந்நிய உயிரினங்கள் அடுத்த ஏரிக்குப் பரவும். கிடுக்கியின் மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய். துருப்பிடித்து இறுகிய கிடுக்கி, சரியாக மீன் விரிப்பில் கிடக்கும் நேரத்தில்தான் திறக்க மறுக்கும்.